பழைய டிவிடி பிளேயரின் பச்சை எண்களை மீண்டும் ஒளிர வைப்பது எப்படி?

காயலான் கடைக்கு எடைக்குப் போகும் டிவிடி பிளேயர், ஹோம் தியேட்டர், மினி ஹை-ஃபை செட் போன்றவற்றின் முகப்பில் நீலம் கலந்த பச்சை நிறத்தில் எண்கள் ஒளிருமே, அந்தக் கண்ணாடித் துண்டைப் பற்றியது இந்தக் கட்டுரை. வேக்குவம் ஃப்ளோரசன்ட் டிஸ்ப்ளே என்பது முழுப்பெயர். வி.எஃப்.டி. என்றே எல்லோரும் சொல்வார்கள். இருட்டறையில் இதன் ஒளிக்கு ஈடாக இன்றைய மலிவுத் திரைகளில் எதுவும் கிடையாது. அதை எடுத்து, ஆர்டுயினோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன கண்ட்ரோலர் போர்டோடு இணைத்தால் நல்ல மேசைக் கடிகாரம் கிடைக்கும்.

ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் காரியம், சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக் கண்ணாடியை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுப்பது. பாதி வேலை அங்கேயே கெட்டுவிடும். கண்ணாடி உட்கார்ந்திருக்கும் முன்பக்க போர்டை முழுசாக, அதன் ஒயர்களோடும் கனெக்டரோடும் எடுத்து வாருங்கள். கண்ணாடியை ஓட்டுவதற்கான, அதாவது எந்த எண் எரிய வேண்டும் என்று இயக்கும் ஐ.சி. (சிப்), அதற்கு வேண்டிய ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், பட்டன்கள், ரிமோட் சென்சார் எல்லாம் அந்த போர்டிலேயே இருக்கின்றன. மேலும் இந்தக் கண்ணாடிகளின் கால்கள் பல சமயம் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகிச் சோதிக்கும் நம் பிரெட்போர்டின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். தனியாக எடுத்தால் எதிலும் செருக முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பின்னால் வரும் மின்னழுத்தக் குழப்பங்கள் பாதி குறையும். வி.எஃப்.டி. ஒரு வால்வு. பழைய ரேடியோவில் இருந்த வால்வின் தட்டையான தம்பி. முன்னால் தலைமுடியை விட மெல்லிய ஃபிலமென்ட் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அவற்றின் மேல் பேரியம், ஸ்ட்ரோன்ஷியம், கால்சியம் ஆக்சைடுகளின் பூச்சு இருக்கும். சூடானதும் அந்தப் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். நடுவில் கிரிட் என்ற மெல்லிய வலை. பின்னால் எண்களின் வடிவத்தில் ஆனோடுகள், அவற்றின் மேல் துத்தநாக ஆக்சைடு பாஸ்பர். கிரிட்டும் ஆனோடும் ஒரே நேரத்தில் பாசிட்டிவாக இருந்தால் எலக்ட்ரான் போய் மோதும், எண்ணின் ஒரு கோடாக இருக்கும் அந்த ஆனோடுத் துண்டு ஒளிரும். இரண்டில் ஒன்று நெகட்டிவாக இருந்தாலும் இருட்டுதான்.

பல இலக்கங்கள் உள்ள கண்ணாடியில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கிரிட் உண்டு. எல்லா இலக்கங்களின் ஒரே மாதிரித் துண்டுகளும் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்திருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கிரிட்டை மட்டும் திறந்து, அதற்கான துண்டுகளை எரியவிட்டு, உடனே அடுத்த கிரிட்டுக்குத் தாவ வேண்டும். இதை மிக வேகமாகச் செய்தால் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதுபோலத் தெரியும். இந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் போர்டில் தனி ஐ.சி. வைத்திருக்கிறார்கள்.

ஒரு இலக்க வி.எஃப்.டி.யை 1967-இல் ஜப்பானின் இசே எலக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்தது. அன்று கால்குலேட்டர்களில் இருந்த நிக்ஸி குழாய்களுக்குச் சுமார் 170 வோல்ட் வேண்டும். இதற்கு 20, 30 வோல்ட் போதும். வீட்டில் உட்கார்ந்து பழகுகிறவருக்கும் அதே காரணத்தால்தான் நிக்ஸியை விட வி.எஃப்.டி. நல்ல தொடக்கம்.

எதைத் தேடி வாங்குவது

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாடகைக்கு எடுத்து இரவு முழுக்கப் படம் பார்த்த ‘டெக்’ நினைவிருக்கிறதா? அந்த வி.சி.ஆர். கண்ணாடிகள் மிக அழகானவை. ஆனால் முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். பல டெக்குகளில் கண்ணாடியை ஓட்டுவது தனி ஐ.சி. அல்ல, டைமர் வேலையைப் பார்க்கும் மைக்ரோகண்ட்ரோலரே நேரடியாக ஓட்டும். அதற்குள் ஏற்கெனவே எழுதப்பட்ட புரோகிராமை நம்மால் மாற்ற முடியாது. கண்ணாடியைத் தனியாக எடுத்து வேறு ஐ.சி.க்களை வைத்து ஓட்ட வேண்டியிருக்கும். அது இரண்டாம் பாடம்.

முதல் பாடத்துக்கு ஏற்றது தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை வந்த டிவிடி பிளேயர். கடையில், “அண்ணே, ஓடாத டிவிடி பிளேயர் இருக்கா? முன்னாடி பச்சையா நேரம் காட்டுற மாதிரி” என்று கேட்டாலே எடுத்துப் போட்டுவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவும் அதன் சந்துகளும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் டிவி மெக்கானிக் கடைகளின் பரண்தான் புதையல். ஓடுகிற சாதனத்தை இதற்காகப் பிரிக்காதீர்கள். லென்ஸ் செத்த, தட்டு வெளியே வராத சாதனங்களே ஏராளம், அவற்றில் டிஸ்ப்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கடையிலேயே கண்ணாடியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முகப்புப் பிளாஸ்டிக் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியின் ஒரு ஓரத்தில் வெள்ளி நிறத்திலோ கறுப்பாகவோ முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் திட்டு இருக்க வேண்டும். அதன் பெயர் கெட்டர். உள்ளே மிஞ்சும் காற்றை உறிஞ்சிக்கொள்ள வைத்தது. அந்தத் திட்டு பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் கண்ணாடியை இனி யாராலும் எரிய வைக்க முடியாது.

மலிவான பிளேயர்களிலும் செட்டாப் பாக்ஸ்களிலும் நான்கு எண் காட்டும் சாதாரண எல்.இ.டி. இருக்கும். அதை வி.எஃப்.டி. என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் வலையும் மெல்லிய கம்பிகளும் தெரிந்தால்தான் வி.எஃப்.டி. எல்.இ.டி. போர்டும் வீண் இல்லை. அவற்றில் அடிக்கடி காணப்படும் டிஎம்1628 என்ற ஐ.சி. வெறும் 5 வோல்ட்டில், கீழே சொல்லப்போகும் அதே பாணிக் கட்டளைகளில் ஓடும். மின்னழுத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் அதில் கை பழகிவிட்டு வரலாம்.

எந்தச் சிக்கலும் வேண்டாம், எழுத்து வந்தால் போதும் என்பவர்களுக்கு: கடை பில் கவுண்டரில் வாடிக்கையாளரைப் பார்த்தபடி ஒரு கம்பத்தின் மேல் நிற்கும் திரை உண்டல்லவா, வரிக்கு 20 எழுத்தாக 2 வரி காட்டும், அதுவும் பெரும்பாலும் வி.எஃப்.டி.தான். பழைய பில்லிங் மெஷின்களோடு எடைக்கு வரும். ஆர்.எஸ்.232 போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்கி, மேக்ஸ்232 மாட்யூல் வழியாக ஆர்டுயினோவிலிருந்து எழுத்துகளை அனுப்பினால் அப்படியே காட்டிவிடும். நேரடியாக மட்டும் இணைக்காதீர்கள், ஆர்.எஸ்.232-இன் நெகட்டிவ் மின்னழுத்தம் ஆர்டுயினோவின் காலைக் கெடுத்துவிடும்.

பிரிப்பது

பிளக்கைக் கழற்றிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பவர் சப்ளை பகுதியில் இருக்கும் பெரிய கெபாசிட்டர் 230 வோல்ட் மெயின்ஸிலிருந்து சுமார் 325 வோல்ட் டி.சி.யைப் பிடித்து வைத்திருக்கும். மல்டிமீட்டரை டி.சி. 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து அதன் இரு கால்களிலும் அளந்து பாருங்கள். மின்னழுத்தம் மிச்சமிருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள ஒயர்களில் கட்டிச் சில விநாடிகள் தொட வையுங்கள். பிறகு மறுபடி அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து ‘பட்’ என்று சத்தம் வரவைக்கும் மெக்கானிக் வித்தையை மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள். கட்டுரை முழுவதிலும் உயிருக்கு ஆபத்தான இடம் இது ஒன்றுதான். பவர் சப்ளை போர்டு நமக்குத் தேவையில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு முன் போர்டை மட்டும் எடுங்கள்.

முகப்பைப் பிரிக்கும்போது கண்ணாடியின் ஓரத்திலோ பின்னாலோ சின்ன மூக்கு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கலாம். தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய இடம் அது. அதில் இடித்தால் கதை முடிந்தது. கண்ணாடிக்கு வெளியே வரும் கால்களையும் அடியோடு வளைக்க வேண்டாம். அடைப்பில் விரிசல் விழும்.

முகப்பில் கண்ணாடிக்கு முன்னால் இருந்த புகை நிறப் பிளாஸ்டிக் ஜன்னலையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பகலில் பார்த்தால் எரியாத துண்டுகளின் வெள்ளைப் பூச்சும் உள்ளே இருக்கும் வலையும் தெரிந்து எண்ணை வாசிக்கவே முடியாது. பலர் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு அக்ரிலிக் தேடி அலைவார்கள்.

ஐ.சி.யை அடையாளம் காண்பது

இப்போது போர்டைத் திருப்பி, இருப்பதிலேயே அதிகக் கால்கள் உள்ள ஐ.சி.யைப் பாருங்கள். அதன் முதுகில் உள்ள எழுத்துகள் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். 6312, 16312, 16512 என்று முடிந்தால் ஒரே குடும்பம். 6311, 16311 என்றால் அதன் அண்ணன். கால்கள் கூடுதல், இலக்கங்கள் கூடுதல். 6312 வகை 4 முதல் 11 கிரிட் வரை ஓட்டும், 6311 வகை 8 முதல் 16 வரை. எண்ணை இணையத்தில் தட்டினால் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு) கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு மட்டும் டேட்டாஷீட் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தக் குறிப்பிட்ட மாடலுக்காகவே வரைந்து வார்த்த கண்ணாடி அது. அதன் வரைபடத்தை நாமேதான் போடப் போகிறோம்.

அடுத்து கனெக்டர். நம் அதிர்ஷ்டம், பல போர்டுகளில் ஒயருக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் பெயர் அச்சிட்டிருப்பார்கள்: கிரவுண்ட், 5 வோல்ட், மைனஸ் 24 போன்ற ஒரு நெகட்டிவ் எண், ஃபிலமென்ட் பிளஸ், ஃபிலமென்ட் மைனஸ், பிறகு டேட்டா, கிளாக், ஸ்ட்ரோப். அச்சு இல்லையென்றால் டேட்டாஷீட்டில் உள்ள கால் எண்களைப் பார்த்து, மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து ஒவ்வொன்றாகத் தேடலாம். நெகட்டிவ் லைனைக் கண்டுபிடிக்க எளிய வழி: போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களில் எதன் பிளஸ் கால் கிரவுண்டில் உட்கார்ந்திருக்கிறதோ, அதன் மைனஸ் கால்தான் நெகட்டிவ் லைன். ஃபிலமென்ட் ஒயர்கள் கண்ணாடியின் இடது, வலது கோடிக் கால்களுக்குப் போகும். அவற்றுக்கு நடுவே சில ஓம்கள் மட்டும் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது, வேறு போர்டு தேடுங்கள்.

மூன்று மின்சாரம்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அதனால் நிதானமாகப் போவோம்.

ஐ.சி.யின் மூளைக்கு 5 வோல்ட் வேண்டும். அதை ஆர்டுயினோவின் 5 வோல்ட் காலிலிருந்தே எடுக்கலாம். ஆர்டுயினோவில் யூனோ அல்லது நானோ மாடல் நல்லது. இ.எஸ்.பி.32, நோட்எம்சியு போன்ற வேறு கண்ட்ரோலர் போர்டுகள் 3.3 வோல்ட் சிக்னல் தருபவை, இந்த ஐ.சி. 5 வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும். சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் லெவல் ஷிஃப்டர் இல்லாமல் அவற்றை இணைத்தால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. அந்த ‘சில சமயம்’ மாதிரி மண்டையை உடைப்பது வேறு கிடையாது.

இரண்டாவது, மைனஸ் 24 வோல்ட். ‘நெகட்டிவ் சப்ளைக்கு எங்கே போவது?’ என்று மலைக்க வேண்டாம். சாதாரண 24 வோல்ட் அடாப்டர் போதும். அதன் பிளஸ் ஒயரை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு சேருங்கள். அப்போது அதன் மைனஸ் ஒயர், கிரவுண்டோடு ஒப்பிட்டால், மைனஸ் 24 ஆகிவிடும். அதைப் போர்டின் நெகட்டிவ் லைனில் கொடுங்கள். இதற்கு இரண்டு பின் பிளக் உள்ள அடாப்டராக இருக்க வேண்டும். எர்த் உள்ள மூன்று பின் அடாப்டரில் மைனஸ் எர்த்தோடு இணைந்திருக்க வாய்ப்புண்டு. ஆர்டுயினோ, எர்த் உள்ள கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. வழியாகச் செருகியிருந்தால் நேரே ஷார்ட் ஆகும். ஐ.சி.யின் 5 வோல்ட்டுக்கும் நெகட்டிவ் லைனுக்கும் இடையே இப்போது 29 வோல்ட் இருக்கிறது. டேட்டாஷீட் 35 வரை அனுமதிக்கிறது, பயமில்லை. அதற்கு மேல் போக வேண்டாம்.

மூன்றாவது, ஃபிலமென்ட். தொழிற்சாலைக்காரர்கள் இதற்கு ஏ.சி. கொடுத்தார்கள், எல்லா இலக்கமும் ஒரே பிரகாசமாக எரியட்டும் என்று. நமக்கு டி.சி. போதும்; ஒரு கோடி சற்று மங்கலாகத் தெரிந்தால்தான் உண்டு. ஒரு பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜரை இதற்கென்றே தனியாக ஒதுக்குங்கள். ஆர்டுயினோவுக்கு மின்சாரம் தரும் சார்ஜரையே இதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஃபிலமென்ட் இருக்கும் இடம் கிரவுண்டுக்குக் கிட்டத்தட்ட 20 வோல்ட் கீழே. சார்ஜரின் பிளஸ், ஒரு 2 வாட் ரெசிஸ்டர் வழியாக ஃபிலமென்ட்டின் ஒரு முனைக்கு, மைனஸ் மறுமுனைக்கு.

இனி ஃபிலமென்ட்டின் மைனஸ் முனையை நெகட்டிவ் லைனோடு சேர்க்க வேண்டும். நேராக அல்ல. நடுவில் ஒரு 4.7 வோல்ட் ஜீனர் டயோடு: கோடு போட்ட பக்கம் ஃபிலமென்ட்டுக்கு, மறுபக்கம் நெகட்டிவ் லைனுக்கு. மூடியிருக்கும் கிரிட்டுகள் ஃபிலமென்ட்டை விட 4.7 வோல்ட் கீழே இருந்தால்தான் எலக்ட்ரான் முழுசாக நிற்கும். ஜீனர் இல்லாவிட்டால் அணைந்திருக்க வேண்டிய துண்டுகளும் ஆவி மாதிரி மங்கலாகத் தெரியும். பல போர்டுகளிலோ பவர் சப்ளையிலோ இந்த ஜீனர் ஏற்கெனவே இருக்கும். முன் போர்டில் ஃபிலமென்ட் ஒயருக்கும் நெகட்டிவ் லைனுக்கும் இடையே ஒன்று தெரிந்தால் இன்னொன்று போட வேண்டாம்.

ரெசிஸ்டரின் மதிப்பைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதை விட மேலிருந்து இறங்கி வருவது நல்லது. 47 ஓமில் தொடங்குங்கள், பிறகு 33, 22, 15. அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு தடவையும் ஃபிலமென்ட் கம்பிகளை உற்றுப் பாருங்கள். கம்பி செக்கச் செவேலென்று தெரிந்தால் சூடு அதிகம், உடனே நிறுத்துங்கள். கும்மிருட்டில் லேசான சிவப்புத் தெரிந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ பரவாயில்லை. எண்கள் எரியத் தொடங்கிய பிறகு, ரெசிஸ்டரைக் குறைத்தும் வெளிச்சம் கூடவில்லை என்றால் ஒரு படி முந்தைய மதிப்பிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் சூடெல்லாம் கண்ணாடியின் ஆயுளைத்தான் தின்னும்.

மின்சாரம் கொடுக்கும் வரிசை: முதலில் 5 வோல்ட், பிறகு ஃபிலமென்ட், கடைசியாக 24. நிறுத்தும்போது தலைகீழ்.

ஐ.சி.யோடு பேசுவது

ஸ்ட்ரோப், கிளாக், டேட்டா ஆகிய மூன்று ஒயர்களை ஆர்டுயினோவின் ஏதாவது மூன்று டிஜிட்டல் கால்களில் செருகுங்கள். ஸ்ட்ரோப்பைக் கீழே இறக்கியதும் போகும் முதல் பைட் கட்டளை. அதன் பின் வருபவை தரவு. ஸ்ட்ரோப்பை மேலே ஏற்றினால் பேச்சு முடிந்தது. ஒவ்வொரு பைட்டிலும் மதிப்பில் மிகச் சிறிய பிட் (எல்.எஸ்.பி.) முதலில் போக வேண்டும். ஆர்டுயினோவின் ஷிஃப்ட்-அவுட் கட்டளையிலேயே அந்தத் தேர்வு உண்டு.

16312 குடும்பத்துக்கு அனுப்ப வேண்டியவை நான்குதான். முதலில் எத்தனை கிரிட் என்று சொல்ல வேண்டும்: கண்ணாடியில் டார்ச் அடித்து வலைகளை எண்ணி, அதில் 4-ஐக் கழித்து அனுப்புங்கள். 7 வலை என்றால் 3. இரண்டாவது, 64: ‘தரவு எழுதப் போகிறேன், முகவரியைத் தானாக நகர்த்து.’ மூன்றாவது, 192: ‘முதல் இடத்திலிருந்து தொடங்கு.’ இதோடு சேர்த்து, ஸ்ட்ரோப்பை ஏற்றாமல், 22 பைட் தரவு. நான்காவது, 136 முதல் 143 வரை ஏதாவது ஒன்று: டிஸ்ப்ளேயை எரியவிடும் கட்டளை, 136 மிக மங்கல், 143 முழு வெளிச்சம். முதல் சோதனைக்கு 22 இடத்திலும் 255 போட்டு 143 அனுப்புங்கள். எல்லாம் சேர்ந்து எரியும்.

எரியாவிட்டால் பதற வேண்டாம். ஐ.சி.யின் நெகட்டிவ் காலில் உண்மையிலேயே மைனஸ் 24 வந்து சேர்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். அப்புறம் ஃபிலமென்ட்டின் இரு முனைகளுக்கு நடுவே மின்னழுத்தம் இருக்கிறதா என்று. இரண்டும் சரி என்றால் ஸ்ட்ரோப்பும் கிளாக்கும் இடம் மாறியிருக்கும். வழக்கமான குற்றவாளிகள் இவர்கள்தான்.

வரைபடம் போடுவது

இந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி ஒரே ஒரு பிட்டை மட்டும் எரியவிடும் சின்ன புரோகிராம் எழுதுங்கள். சீரியல் மானிட்டரில் ஒரு எழுத்தைத் தட்டினால் அடுத்த பிட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். 22 பைட், பைட்டுக்கு 8 பிட், ஆக 176 இடங்கள். அவற்றில் பல வெறும் இடங்களாகவே இருக்கும். ஒவ்வொன்றிலும் எது எரிகிறது என்று நோட்டில் குறியுங்கள்: ‘பைட் 4, பிட் 2, மூன்றாவது எண்ணின் மேல் கோடு’ என்கிற பாணியில்.

முகப்பில் இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்காததெல்லாம் இப்போது வெளியே வரும். சுழலும் தட்டு மாதிரி வட்டத் துண்டுகள், டால்பி, எம்.பி.3, கரோக்கி, ‘ரிப்பீட்’, பூட்டுப் படம். சில கண்ணாடிகளை ஒரே தயாரிப்பாளரின் பல மாடல்களுக்கும் பொதுவாக அடித்திருப்பார்கள், அதனால் அந்த பிளேயரில் ஒரு நாளும் எரியாத படங்கள்கூட உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். சுழலும் வட்டத்தை விநாடி முள்ளாக்கலாம். ‘ரிப்பீட்’டை அலாரம் தினமும் அடிக்கும் என்பதற்கு அடையாளமாக வைக்கலாம். வெற்று மேட்ரிக்ஸ் திரை வாங்கிச் செய்யும் கடிகாரத்துக்கு இந்த முகம் வராது.

ஒன்றைக் கவனியுங்கள்: முன்பு வருடக்கணக்கில் எரிந்த துண்டுகள் மங்கலாகவும், அபூர்வமாக எரிந்தவை பளிச்சென்றும் இருக்கும். பாஸ்பர் தேய்ந்துபோனதன் அடையாளம் அது. மின்வெட்டு வந்து போகும்போதெல்லாம் 12:00 என்று சிமிட்டிக்கொண்டே கிடந்த டெக்குகளில் அந்த நான்கு எண்களின் தழும்பை இன்றைக்கும் பார்க்கலாம். இதற்கு மருந்து கிடையாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் வித்தியாசம் கண்ணை உறுத்தாது. புதிதாகத் தேயாமல் இருக்க, ஒரு எல்.டி.ஆர். (வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டர்) வைத்து இரவில் 136-க்கு இறங்குமாறு செய்துவிடுங்கள்.

வரைபடம் தயாரானதும் மிச்சம் புரோகிராம் வேலைதான். 0 முதல் 9 வரை எந்தெந்தக் கோடுகள் எரிய வேண்டும் என்று ஒரு பட்டியல், ஒவ்வொரு இலக்கத்துக்கும் அந்தக் கோடுகள் எந்த பைட்டில், எந்த பிட்டில் என்று இன்னொரு பட்டியல். நேரத்துக்கு டிஎஸ்3231 மாட்யூல் வாங்குங்கள். பேட்டரியோடு வரும், கரண்ட் போனாலும் நேரம் தப்பாது. மலிவு என்று டிஎஸ்1307 வாங்கினால் சீக்கிரமே நிமிடக்கணக்கில் தப்பும்.

ஐ.சி. இல்லாத கண்ணாடி கையில் சிக்கினால்

டெக் கண்ணாடியை விட மனம் வராதவர்களுக்குச் சுருக்கமாக. கண்ணாடியைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். சால்டர் உறிஞ்சியால் ஒவ்வொரு காலையும் சுத்தமாக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும், நெம்பக் கூடாது. சோதிக்க மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்தால் 27 வோல்ட் கிடைக்கும். ஃபிலமென்ட்டுக்கு ஒரு 1.5 வோல்ட் செல்லில் தொடங்கி, தேவையானால் இரண்டாக்குங்கள். 27-இன் மைனஸ் ஃபிலமென்ட்டின் மைனஸோடு. பிளஸிலிருந்து ஒரு ஒயர் நேராக ஒரு கிரிட்டுக்கு. இன்னொரு ஒயர் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மற்றக் கால்களை ஒவ்வொன்றாகத் தொட. எரிவதைக் குறித்துக்கொண்டே போனால் கால்களின் வரைபடம் கிடைத்துவிடும்.

ஓட்டுவதற்கு மேக்ஸ்6921 என்ற ஐ.சி. சௌகரியமானது. கண்ணாடியை ஓட்ட 20 வெளியீட்டுக் கால்கள், 76 வோல்ட் வரை தாங்கும், ஷிஃப்ட் ரெஜிஸ்டர் போல ஆர்டுயினோவிலிருந்தே தரவு அனுப்பலாம். கால்கள் போதாவிட்டால் இரண்டைக் கோக்கலாம். இதில் நெகட்டிவ் சப்ளை தேவையில்லை: கிரவுண்டுக்கு மேல் 24 முதல் 30 வோல்ட், 12 வோல்ட்டிலிருந்து ஒரு பூஸ்ட் மாட்யூல் கொண்டு தரலாம். எம்டி3608 மாட்யூல் 28 வோல்ட் வரை போகும். ஃபிலமென்ட்டை ஜீனர் வைத்துக் கிரவுண்டிலிருந்து 4.7 வோல்ட் தூக்கிவிடுங்கள், அதே காரணத்துக்காக. ஆனால் கிரிட்டுகளை மாற்றி மாற்றித் திறக்கும் ஓட்டத்தை இங்கே நீங்களே எழுத வேண்டும். ஆர்டுயினோ வேறு வேலையில் நின்றுவிட்டால் ஒரே இலக்கம் மட்டும் பளீரென்று எரிந்து நிற்கும். அதனால், வேறு வேலை நடந்தாலும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை குறுக்கிட்டு ஓடும் டைமர் இன்டரப்டில் எழுதுங்கள்.

காசு கொடுத்துக் கண்ணாடி வாங்குவதென்றால் சோவியத் காலத்து ஐ.வி.-18 குழாய்கள் இன்னும் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. பென்சில் மாதிரி நீண்ட ஒரே குழாயில் எட்டு இலக்கம். ஃபிலமென்ட்டுக்கு 5 வோல்ட், 85 மில்லியாம்ப் என்று கணக்கு தெளிவாக இருப்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. காயலான் கடையில் பொறுக்கி எடுக்கும் சந்தோஷம் மட்டும் அதில் இல்லை.

பட்டன்களும் ரிமோட்டும்

முன் போர்டை முழுசாக எடுத்ததன் லாபம் கடைசியில் தெரியும். அதிலுள்ள பட்டன்களை வாசிப்பதும் அதே 16312 ஐ.சி.தான். 66 என்ற கட்டளையை அனுப்பிவிட்டு, டேட்டா ஒயரை இன்புட்டாக மாற்றி 3 பைட் வாசித்தால் எந்த பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லும். சில போர்டுகளில் வெளியே வரும் டேட்டாவுக்குத் தனி ஒயர் இருக்கும். அந்தக் கால் தானாக உயராது, 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் புல்-அப் போடுங்கள். பிளே, ஸ்டாப் பட்டன்களால் மணியையும் நிமிடத்தையும் திருத்தலாம். கறுப்பாகச் சதுரமாக மூன்று காலோடு நிற்பது ரிமோட் சென்சார். அதன் சிக்னல் காலை ஆர்டுயினோவில் கொடுத்து ஐ.ஆர்.ரிமோட் லைப்ரரியை நிறுவினால், வீட்டில் எங்காவது அலமாரியில் கிடக்கும் அந்த பிளேயரின் ரிமோட்டாலேயே அலாரம் வைக்கலாம். அதனால் காயலான் கடையில் பிளேயரை வாங்கும்போதே ரிமோட்டும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.